கேலெக்ஸ் படங்கள்: சுருள் மண்டலத்தின் புற ஊதா நிறத்தை எந்த ஓரம் வரை நம்பலாம்?

சுருள் விண்மீன் மண்டலங்களின் புற ஊதா ஒளிர்வை அளக்க வேண்டுமென்றால், இன்றைக்கும் முதலில் போக வேண்டிய இடம் நாசாவின் புற ஊதா விண்தொலைநோக்கியான கேலெக்ஸின் சேமிப்பகம்தான். விண்கலத்தை 2013 ஜூன் 28 அன்றே அணைத்துவிட்டார்கள். ஆனாலும் இவ்வளவு அகலமான வானத்தை இரண்டு புற ஊதாப் பட்டைகளில் ஒரே நேரத்தில் பிடித்து வைத்திருக்கும் தொகுப்பு வேறு கிடையாது. மாஸ்ட் என்ற இணையச் சேமிப்புத் தளத்தில் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒளிர்வுக்கு இந்தப் படங்களைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். நிறத்துக்கு, அதாவது இரண்டு பட்டைகளின் ஒளிர்வு வித்தியாசத்துக்கு, அப்படிச் சொல்ல முடியாது. சுருள் கைகள் கிடக்கும் தட்டையான தட்டின் உள்பாதியில் நிறம் சுத்தமாக வரும். வெளி ஓரத்தில் பின்னணி வானத்தின் ஒளியை எப்படிக் கழித்தீர்கள் என்பதுதான் நிறமாக வந்து நிற்கும். இங்கே பெரும்பகுதி அந்த ஓரத்தைப் பற்றித்தான்.

முதலில் கருவி. 50 செ.மீ. தொலைநோக்கி, 1.2 பாகை அகல வட்டப் பார்வைப் புலம். முழு நிலவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். உள்ளே வரும் ஒளியை ஒரு டைக்ரோயிக் பிரிப்பான் இரண்டாகப் பிரித்து இரண்டு உணர்விகளுக்கு அனுப்புகிறது. ஒன்று தொலை புற ஊதா, எஃப்யூவி, 1344 முதல் 1786 ஆங்ஸ்ட்ராம் வரை. மற்றது அண்மை புற ஊதா, என்யூவி, 1771 முதல் 2831 வரை. ஒரு புள்ளி நட்சத்திரம் எஃப்யூவியில் 4.2 விகலை அகலத்துக்கும் என்யூவியில் 5.3 விகலை அகலத்துக்கும் பரவும் (1 பாகை 60 கலை, 1 கலை 60 விகலை). பிக்சல் 1.5 விகலை. எம்101 மண்டலத்தின் தொலைவில் 5 விகலை என்பது சுமார் 500 ஒளியாண்டு. சுருள் கை வேறு, கைக்கு இடையிலான பகுதி வேறு என்று பிரிக்க இது தாராளம். தனித்தனி நட்சத்திரக் கொத்துகளைப் பிரிக்கப் போதாது.

தேடல் பட்டியலைத் திறந்ததும் பார்க்க வேண்டியது எக்ஸ்போஷர் நேரம், அதுவும் இரண்டு பட்டைக்கும் தனித்தனியாக. 2009 மே மாதம் எஃப்யூவி உணர்வி போய்விட்டது. அதற்குப் பிறகு எடுத்த புலங்களில் என்யூவி மட்டும்தான் இருக்கும். எஃப்யூவி நேரம் 0 என்று கண்டால் அந்தப் புலத்தில் நிறத்தை மறந்துவிட வேண்டியதுதான். 2003 ஏப்ரலில் ஏவியதிலிருந்து 2009 வரைக்குமான படங்களே நிறத்துக்கு உதவும்.

நேரத்தில் பெரிய ஏற்றத்தாழ்வு உண்டு. முழு வானக் கணக்கெடுப்பான ஏஐஎஸ் படம் சுமார் 100 விநாடி. நடுத்தர ஆழக் கணக்கெடுப்பான எம்ஐஎஸ் சுமார் 1500 விநாடி; அருகிலுள்ள மண்டலங்களுக்கென்றே எடுத்த என்ஜிஎஸ் படங்களும் பெரும்பாலும் அந்த அளவுதான். ஆழக் கணக்கெடுப்பான டிஐஎஸ் 30,000 விநாடி வரை போகும். வித்தியாசம் எவ்வளவு என்று ஒரு வளையத்தை வைத்துப் பார்க்கலாம். ஆரம் 150 விகலை, அகலம் 5 விகலை என்றால் உள்ளே சுமார் 2000 பிக்சல். அங்கே எஃப்யூவி பரப்பு ஒளிர்வு சதுர விகலைக்கு 28 மேக்னிட்யூட் (ஒளிர்வின் அளவுகோல்; எண் கூடினால் மங்கல்) என்று வைத்துக்கொள்வோம். 110 விநாடி ஏஐஎஸ் படத்தில் அந்த முழு வளையத்திலிருந்தும் மண்டலத்தின் பங்காக வருவது ஏறக்குறைய 105 ஃபோட்டான்; பின்னணி இன்னும் 55. பிழை 0.13 மேக்னிட்யூட். 1500 விநாடியில் அதே வளையம் 1400-க்கு மேல் ஃபோட்டான் தரும், பிழை 0.04-க்குள் அடங்கும். தட்டு முழுக்க நிறம் மாறும் வீச்சே 1 மேக்னிட்யூட் அளவுதான் என்பதால், 28-ஐவிட மங்கலான இடத்தில் ஏஐஎஸ் படத்தை வைத்து நிறச் சரிவு (நடுவிலிருந்து வெளியே நிறம் மாறும் விதம்) வரைவது வீண் வேலை. மொத்த ஒளிர்வு, உள்தட்டு ஒளிர்வு போன்றவற்றுக்கு ஏஐஎஸ் போதும்.

எந்தக் கோப்பை இறக்குவது

கோப்புப் பெயரில் 'எஃப்டி' என்று வந்தால் எஃப்யூவி, 'என்டி' என்று வந்தால் என்யூவி. 'ஐஎன்டி' கோப்பில் பிக்சலுக்கு, விநாடிக்கு எத்தனை எண்ணிக்கை என்று நேரடியாக இருக்கும். ஆரம்பிக்கிறவர்கள் இதைத்தான் எடுப்பார்கள். 'சிஎன்டி' வெறும் ஃபோட்டான் எண்ணிக்கை. 'ஆர்ஆர்எச்ஆர்' அந்தந்தப் பிக்சலின் உணர்திறன் சேர்ந்த எக்ஸ்போஷர் நேரம். 'ஸ்கைபிஜி' கேலெக்ஸ் நிரல் தானே மதிப்பிட்ட பின்னணி. ஒவ்வொன்றும் 3840-க்கு 3840 பிக்சல். அவிழ்த்தால் 59 எம்பி.

ஒரு மண்டலத்துக்கு நாலைந்து புலங்கள் இருந்தால் ஐஎன்டி படங்களைச் சராசரி எடுத்துவிடாதீர்கள். 100 விநாடிப் படமும் 1500 விநாடிப் படமும் அப்போது சம எடை பெறும், இரைச்சல் கூடும். சிஎன்டி எல்லாவற்றையும் கூட்டி, ஆர்ஆர்எச்ஆர் எல்லாவற்றையும் கூட்டி, முன்னதைப் பின்னதால் வகுப்பதே முறை. புல மையத்திலிருந்து 0.55 பாகைக்கு வெளியே கிடக்கும் பகுதியை வெட்டிவிட்டுச் சேருங்கள். ஓரத்தில் உணர்விப் பளபளப்பும் பிரதிபலிப்பும் கலந்திருக்கும். நட்சத்திரங்களின் வடிவமும் கோணலாகிவிடும்.

எண்ணிக்கையை ஏபி என்ற அளவு முறையின் மேக்னிட்யூடாக மாற்ற, எஃப்யூவிக்கு 18.82, என்யூவிக்கு 20.08 என்ற தொடக்க எண்கள். பரப்பு ஒளிர்வுக்குப் பிக்சல் பரப்பான 2.25 சதுர விகலையைச் சேர்த்தால் இவை 19.70, 20.96 ஆகும். அந்த எண்ணிலிருந்து, 2.5 பெருக்கல் பிக்சல் மதிப்பின் 10 அடிமான மடக்கை என்பதைக் கழித்தால் விடை சதுர விகலைக்கு மேக்னிட்யூட். அளவீட்டின் நிலைத்தன்மை எஃப்யூவியில் 0.05, என்யூவியில் 0.03 மேக்னிட்யூட். இது படம் முழுக்க ஒரே மாதிரி ஏறி இறங்கும் பிழை, ஆகவே நிறச் சரிவின் வடிவத்தைக் கெடுக்காது. கெடுப்பது வேறு.

பின்னணி என்னும் குழி

எஃப்யூவி வானம் அசாத்தியமாக இருட்டு. பிக்சலுக்கு விநாடிக்கு 0.00025 எண்ணிக்கை அளவில்தான் பின்னணி. 100 விநாடிக்குப் பெருக்கினால் 0.025. அதாவது 100 பிக்சலில் 97-க்கும் மேல் சுத்தமாகக் காலி; மீதி இரண்டு மூன்றில் தலா ஒரு ஃபோட்டான்.

சாதாரண ஒளியியல் படத்தில் பழகிய கை இங்கே பின்னணிக்கு இடைநிலை மதிப்பை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதை) எடுக்கும். வருவது 0. 1500 விநாடிப் படத்திலும் 0-தான், ஏனென்றால் அப்போதும் மூன்றில் இரண்டு பங்கு பிக்சல் காலி. சரி, சராசரியே எடுப்போம், விலகி நிற்பவற்றை 3 சிக்மாவில் (சிதறல் அளவின் மூன்று மடங்கில்) வெட்டிவிடுவோம் என்று போனால் கதை இன்னும் மோசம். 0.025 சராசரி உள்ள இடத்தில் 3 சிக்மா எல்லை 0.5 அருகே விழும். ஒரு ஃபோட்டான் வந்த பிக்சலின் மதிப்பு 1. ஆக, ஃபோட்டான் வந்த பிக்சல் ஒவ்வொன்றும் 'விலகல்' என்று குப்பைக்குப் போய்விடும். மிஞ்சுவது மறுபடியும் 0. நிரல் எந்தப் புகாரும் சொல்லாமல் ஓடி முடிந்திருக்கும். பின்னணி கழிக்காத படத்தைக் கழித்துவிட்டதாக நினைத்து மேலே போய்க்கொண்டிருப்பீர்கள். மண்டலம் முடிவே இல்லாமல் வெளியே நீளும்.

சரியான வழி எளிது. முதலில் நட்சத்திரங்களையும் பின்னால் கிடக்கும் சிறு மண்டலங்களையும் முகமூடி போட்டு மறையுங்கள். மண்டலத்தின் விளிம்புக்கு வெகு வெளியே பல பெட்டிகள் வைத்து, ஒவ்வொன்றிலும் வெட்டில்லாத வெறும் சராசரி எடுங்கள். பெட்டி 100-க்கு 100 பிக்சலாவது இருக்கட்டும். 100 விநாடிப் படத்தில் அதில் 250 ஃபோட்டான் சேரும், 6 சதவீதத் துல்லியம் வரும். பெட்டிகளுக்கு இடையே மதிப்பு எவ்வளவு அலைகிறது என்பதே உங்கள் உண்மையான பின்னணிப் பிழை. ஒற்றைப் பெட்டியின் புள்ளியியல் பிழையை எழுதிவிட்டு ஒதுங்குவது ஏமாற்று.

தயாராகக் கிடக்கும் ஸ்கைபிஜி கோப்பை நம்பலாமா? சில கலை அகலச் சின்ன மண்டலத்துக்குப் பரவாயில்லை. பெரிய சுருள் மண்டலத்துக்கு வேண்டாம். அந்த நிரல் பரந்த மங்கலான தட்டையே வானம் என்று எடுத்துக்கொண்டு கொஞ்சம் கூடுதலாகக் கழித்துவிடும். கூடவே வரும் மூலப் பட்டியலிலும் இதே கோளாறுதான்: ஒரே மண்டலம் பத்து இருபது துண்டுகளாகச் சிதறி, ஒவ்வொரு நட்சத்திரப் பிறப்பிடமும் தனி மூலமாகப் பதிவாகியிருக்கும். எம்101 போன்ற ஒன்றின் மொத்த ஒளிர்வை அந்தப் பட்டியலிலிருந்து எடுப்பது, வீட்டு எடையைச் செங்கல் ஒன்றை நிறுத்துச் சொல்வது போல.

இப்போது நிறத்துக்கு வருவோம். எஃப்யூவியில் வானம் இருட்டு, என்யூவியில் அப்படியில்லை. சூரிய மண்டலத் தூசியின் ஒளியும் சேர்ந்து பிக்சலுக்கு விநாடிக்கு 0.0025 அளவுக்கு வரும். என்யூவியில் சதுர விகலைக்கு 29.7 மேக்னிட்யூட் உள்ள வெளித்தட்டை எடுங்கள். அங்கே மண்டலத்தின் பங்கு 0.00032. பின்னணியில் 5 சதவீதம் கூடுதலாகக் கழித்தால் 0.000125 போய்விடும். மிஞ்சுவது 0.000195. என்யூவி 0.54 மேக்னிட்யூட் மங்கும். எஃப்யூவியிலிருந்து என்யூவியைக் கழித்த நிறம் அதே 0.54 நீலமாகும். 'வெளித்தட்டு திடீரென்று நீலமாகிறது, இளம் நட்சத்திரங்கள் குவிந்திருக்கின்றன' என்று அறிக்கை எழுத இதுவே போதும். பின்னணியை 1 சதவீதத்துக்குள் பிடித்திருந்தால் அதே இடத்தில் பிழை 0.09 மட்டும். 28.5 மேக்னிட்யூட் இடத்தில் 5 சதவீதப் பிழையே 0.15-தான் செய்யும். ஆகவே வரைபடத்தில் வெளிப்புறக் கடைசி இரண்டு மூன்று புள்ளிகள் மட்டும் சட்டென்று ஒரு பக்கம் சாய்ந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது வானத்தை, மண்டலத்தை அல்ல.

சோதிக்க வழி உண்டு. பின்னணியை அதன் பிழை அளவுக்கு ஒருமுறை கூட்டியும் ஒருமுறை குறைத்தும் நிற வரைபடத்தை மறுபடி வரையுங்கள். மூன்று கோடுகளும் பிரியத் தொடங்கும் ஆரத்தில் உங்கள் வரைபடம் முடிகிறது. அதற்கு அப்பால் இருப்பதை அச்சிடாமல் விடுவதே மரியாதை.

முகமூடி, மங்கல், தூசி

முன்னே நிற்கும் நம் பால்வீதி நட்சத்திரங்கள் பெரும்பாலும் என்யூவியில் பளிச்சென்றும் எஃப்யூவியில் மங்கியும் இருக்கும். அதனால் 'நிறம் 1 மேக்னிட்யூடுக்கு மேல் சிவந்திருந்தால் நட்சத்திரம்' என்ற விதியைத் தானியங்கியாக ஓட்டுவது வழக்கம். தட்டில் நன்றாகவே வேலை செய்யும். மண்டலத்தின் மையத்தில் உப்பியிருக்கும் நடுப்புடைப்பில் கவனம் வேண்டும்: முதிர்ந்த நட்சத்திரங்கள் நிறைந்த புடைப்பும் அந்த எல்லையைத் தாண்டிச் சிவந்திருக்கலாம், விதி அதையே நட்சத்திரம் என்று மறைத்துவிடும். மையத்தில் ஓட்டை விழுந்த முகமூடியோடு வரைந்த வரைபடத்தில் புடைப்பின் சிவப்பு காணாமல் போயிருக்கும். நடு 20, 30 விகலையைக் கண்ணால் பார்த்துக் கையால் திருத்துங்கள்.

இரண்டு பட்டையின் மங்கலையும் (ஒரு புள்ளி பரவும் அகலத்தை) சமப்படுத்தாமல் ஒன்றை ஒன்றால் வகுத்தால், ஒவ்வொரு இளம் கொத்துக்கும் நீல நடுவும் சிவப்பு வளையமும் முளைக்கும். உண்மையில் அங்கே வளையம் எதுவும் இல்லை. எஃப்யூவி கூர்மையாகவும் என்யூவி பரந்தும் இருப்பதன் விளைவு அது. எஃப்யூவியை 3.2 விகலை அகலக் காஸியனால் (மணி வடிவ வளைவால்) மங்கலாக்குங்கள். பிக்சல் கணக்கில் சிக்மா 0.9. 6 விகலைக்கு மேல் அகலமான வளையங்களாகச் சராசரி எடுப்பவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. பிக்சலுக்குப் பிக்சல் நிறப்படம் செய்பவர்கள் தவறாமல் செய்ய வேண்டியது.

சுருள் கையையும் இடைவெளியையும் தனித்தனியாக அளக்க விரும்பினால் இன்னொரு பொறி இருக்கிறது. எஃப்யூவி படத்தில் பளிச்சென்ற பிக்சல்களையே 'கை' என்று தேர்ந்தெடுத்தால், தற்செயலாக ஃபோட்டான் கூடுதலாக விழுந்த பிக்சல்களெல்லாம் கைக்குள் வந்து, கை தேவைக்கு மேல் நீலமாகும். எல்லையை வேறொரு படத்தில் வரைந்துவிட்டு நிறத்தை இங்கே அளக்கலாம். என்யூவியில் வரைந்தால் பிழை எதிர்ப்பக்கம் சாயும், ஆனால் ஃபோட்டான் அதிகம் என்பதால் சிறிதாக.

தூசி விஷயத்தில் கேலெக்ஸ் தரும் சலுகை பலருக்கும் தெரிவதில்லை. பால்வீதி வகைத் தூசி 2175 ஆங்ஸ்ட்ராமில் ஒரு மேட்டுடன் ஒளியை விழுங்குகிறது. அந்த மேடு என்யூவி பட்டைக்குள் விழுகிறது. இதனால் இரண்டு பட்டையும் கிட்டத்தட்ட சமமாக மங்குகின்றன: நீலம்-காட்சி நிறத்தில் (நீலப் பட்டைக்கும் கண்ணுக்குத் தெரியும் ஒளிப் பட்டைக்கும் உள்ள வித்தியாசத்தில்) தூசி தரும் 1 மேக்னிட்யூட் சிவப்பேற்றத்துக்கு எஃப்யூவியில் 7.9, என்யூவியில் 8.0. நம் பால்வீதித் தூசி 0.1 சிவப்பேற்றம் தந்தால் ஒளிர்வு 0.8 மேக்னிட்யூட் குறையும், நிறமோ 0.01-தான் நகரும். ஒளிர்வைத் திருத்த மறந்தவருக்குப் பெரிய அடி, நிறத்துக்கு ஒன்றும் ஆகாது. இதை வைத்து மண்டலத்தின் உள்ளே இருக்கும் தூசியையும் மறந்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். நட்சத்திரங்களும் தூசியும் கலந்து கிடக்கும் இடத்திலும், மேடு பலவீனமான தூசியிலும் நிறம் நன்றாகவே சிவக்கும். அகச்சிவப்புப் படம் ஒன்று பக்கத்தில் இல்லாமல், நடுவிலிருந்து வெளியே நீலமாகிப் போகும் சரிவில் வயது எவ்வளவு, தூசி எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

இத்தனைக்குப் பிறகு கிடைப்பது என்ன? பெரும்பாலான சுருள் மண்டலங்களில் வெளியே போகப் போக நிறம் நீலமாகும். எஃப்யூவி ஒளி பெரும்பாலும் கடந்த 10 கோடி ஆண்டுக்குள் பிறந்த நட்சத்திரங்களுடையது. என்யூவி இன்னும் சில கோடி ஆண்டு முதிர்ந்தவற்றையும் சேர்த்துக்கொள்ளும். 2007-இல் வந்த அருகிலுள்ள மண்டலங்களின் கேலெக்ஸ் தொகுப்பில் 1034 மண்டலங்கள் இருக்கின்றன. நீள்வட்ட, லென்ஸ் வகைகளைச் சுருள் வகையிலிருந்து பிரிக்கும் கோடு 0.9 மேக்னிட்யூட் அருகே விழுகிறது. உங்கள் தட்டு முழுக்க 0.9-க்கு மேல் சிவந்து வந்தால் கணக்கைத் திரும்பப் பாருங்கள். புடைப்பின் நிறத்தை மட்டும் வயது என்று நேராக வாசிக்காதீர்கள்: ஆண்ட்ரோமெடா மண்டலமான எம்31-இன் நடுவில் முதிர்ந்து சூடேறிய நட்சத்திரங்களே எஃப்யூவி தருகின்றன.

இந்தப் படங்களின் உச்சம் எம்83 என்ற சுருள் மண்டலம். 2005-இல் அதன் ஒளியியல் தட்டுக்கு வெகு வெளியே, இழை இழையாகப் புற ஊதாத் திட்டுகள் தெரிந்தன. அதே ஆண்டு என்ஜிசி 4625-லும். நீட்சி பெற்ற புற ஊதாத் தட்டு என்ற வகையே அங்கிருந்து பிறந்தது. 100 விநாடிப் படத்தில் இவற்றைத் தேட வேண்டாம், அங்கங்கே நாலு ஃபோட்டான் சேர்ந்த இடமெல்லாம் திட்டாகத் தெரியும்.

வேறு எங்கே போகலாம்

பின்னணி வேலையெல்லாம் வேண்டாம், தயாரான படம் போதும் என்பவர்களுக்கு இசட்0எம்ஜிஎஸ் தொகுப்பு. அருகிலுள்ள சுமார் 15,750 மண்டலங்களை எடுத்து, வைஸ் விண்கலத்தின் அகச்சிவப்புப் படங்களோடு கேலெக்ஸ் படங்களையும் 7.5, 15 விகலைக்கு ஒரே மங்கலில் கொண்டுவந்து, பின்னணியும் கழித்துக் கொடுத்திருக்கிறார்கள். தூசியைப் பிரிக்க அகச்சிவப்பு கூடவே இருப்பது பெரிய வசதி. கூர்மை இழப்புதான் விலை.

கூர்மை வேண்டுமென்றால் 2015 செப்டம்பரில் ஏவிய இந்திய விண்கலமான ஆஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கி யூவிஐடி. சுமார் 1.5 விகலை, கேலெக்ஸில் ஒரே குமிழாகத் தெரிந்த பிறப்பிடம் இதில் மூன்று நான்காகப் பிரியும். எஃப்யூவியிலேயே பல வடிகட்டிகள் உண்டு. புலம் 28 கலை, எம்101 விளிம்பில் தட்டும். அதன் என்யூவி பகுதி 2018-இல் நின்றுவிட்டது. அதற்குப் பிந்தைய படங்களுக்கு நிறம் வேண்டுமானால் எஃப்யூவி வடிகட்டிகளுக்கு இடையேதான் எடுக்க வேண்டும், அலைநீள இடைவெளி குறைவு. ஸ்விஃப்ட் விண்கலத்தின் யூவிஓடி தொலைநோக்கி 2.5 விகலை, 17 கலைப் புலம், எஃப்யூவி கிடையாது. ஆனால் அதன் நடு வடிகட்டி 2175 மேட்டின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் தூசியின் வகையைச் சோதிக்க நல்ல துணை. அதன் மற்ற இரண்டு புற ஊதா வடிகட்டிகளிலும் சிவப்பு ஒளி கசியும், ஆகவே புடைப்பின் அளவீட்டை அவற்றிலிருந்து எடுக்க வேண்டாம்.

எம்31 மட்டும் தனி வழக்கு. 3 பாகைக்கு மேல் நீளம். ஒரே புலத்தில் அடங்காது, தட்டுக்கு வெளியே வானமும் ஒரே புலத்தில் கிடைக்காது. பல புலங்களைத் தைக்கும்போது, ஒன்றின்மேல் ஒன்று படியும் பகுதிகளை வைத்துப் பின்னணிகளை ஒன்றோடொன்று சமன் செய்து, வடக்கிலும் தெற்கிலும் மண்டலமே இல்லாத புலங்களில் மட்டும் 0-ஐ நிலைநிறுத்துங்கள். புலத்துக்குப் புலம் தனியாகக் கழித்தால் மையத்திலிருந்து 10 கிலோபார்செக் (சுமார் 33,000 ஒளியாண்டு) தொலைவிலுள்ள வளையத்தின் குறுக்கே தையல் கோடுகள் வட்ட வட்டமாகத் தெரியும், அவை நிறப்படத்தில் நீலமும் சிவப்புமாக மாறி மாறி வரும்.